வழுக்கும் வீதியில் இரு சக்கரங்கள்

உம்மாவின் மூத்த சகோதரியின் மகள் கனடாவில் டொரண்டோ நகரில் குடியிருக்கிறார். நான் அவரை ராத்தா என்றே அழைப்பேன். கடந்த ஜனவரி மாதத்தில் அவர் தனது வீட்டு யன்னலருகே நின்று எடுத்த ஒரு சிறிய காணொளியை அனுப்பியிருந்தார். வீதியெங்கும் வெள்ளை. கூரைகளிலும் மரக்கிளைகளிலும் பனி குவிந்து கிடக்கிறது. அந்த வீதியில், பக்கத்து வீட்டுப் பெண்ணொருவர், வயது ஐம்பதுக்குக் குறையாது, பின்னால் மரக்கறிப் பையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஆறுதலாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

நான் அதை உம்மாவிடம் காட்டினேன். உம்மா இரண்டு தரம் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பார்த்தார்.

“இங்க ஒரு தூறல் மழைக்கே விழுந்து கைய முறிச்சிக்கிட்டீங்க. அவ ஐஸ் மேலால போறா, பாருங்களேன்!”

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது உம்மாவின் அந்தப் பேச்சுத்தான். ஐஸ் மேல் ஒருவர் எப்படி விழாமல் போகிறார்? தூறலில் நான் ஏன் விழுந்தேன்? உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கின்ற எனக்கு இவ்விரு கேள்விகளும் ஒரே கேள்விதான் என்பது தெரிய சில வாரங்கள் ஆயின.

நான் சைக்கிள் பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்றாகிவிட்டது. வாப்பாவின் முச்சக்கர வண்டி வீட்டு வாசலில் ஓய்ந்து நின்றது. பாடசாலை வேனும் வரவில்லை. சாச்சாவின் பழைய லுமாலா சைக்கிளொன்று பின்பக்கம் கிடந்தது. வாப்பாவே அதற்கு டியூப் மாற்றி, தோட்டத்து விளையாட்டுத் திடலில் எனக்குப் பழக்கினார். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது அரிது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அது அன்றாடக் காட்சி. அங்கெல்லாம் நிலம் தட்டை, இங்கோ வாசலைக் கடந்தால் ஏற்றம், ஏற்றத்தைக் கடந்தால் இறக்கம். ஆக, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஓட்டாததற்கு ஊர் வாய் மட்டும் காரணமல்ல, மலையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மலையோடு சேர்ந்தது மழை. இரத்தினபுரியின் ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றரைத் தாண்டும். வரண்ட மாதங்கள் என்று நாம் சொல்லும் ஜனவரி, பெப்ரவரியில்கூட சராசரியாக 100 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் களு கங்கை எப்போது பெருகும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். 2003 மே மாதமும் 2017 மே மாதமும் எப்படியிருந்தன என்பதைப் பெற்றோரிடம் கேட்டால் அவர்கள் சொல்வார்கள். பனி கொட்டும் நாட்டுக்காரர்களுக்கு ஆண்டில் நான்கைந்து மாதங்கள்தாம் வழுக்கும் வீதி. நமக்கோ பன்னிரண்டு மாதமும்.

எங்கள் வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு இறப்பர் தோட்டத்தினூடாக ஒரு கொங்கிரீட் பாதை இறங்குகிறது. இறக்கத்தின் முடிவில் ஒரு திருப்பம், அதையடுத்து ஒரு மதகு. இறப்பர் மரங்கள் கூடாரம் போல் மூடியிருப்பதால் அந்தத் திருப்பத்தில் வெயில் படுவதே இல்லை. கொங்கிரீட் கரும்பச்சையாகப் பாசி பிடித்துக் கிடக்கும்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் இரவு, சைக்கிள் துருப்பிடிக்கிறதே என்று உம்மா ஒரு துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு வண்டி முழுவதையும் துடைத்து வைத்தார். ஹேண்டில், மட்கார்ட், சக்கர வளையம் எல்லாமே பளபளத்தன. காலை ஆறரை மணி. தூறிக்கொண்டிருந்தது. உம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி கேட்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். திருப்பம் வந்தது, பாசி வந்தது, முன்சக்கரம் பக்கவாட்டில் போனது. அவ்வளவுதான் ஞாபகம். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரங்கள் பிளாஸ்டருடன் இருந்தேன். அந்தத் தவணைப் பரீட்சையை எழுதவில்லை. சைக்கிள் மீண்டும் வீட்டுக்குப் பின்னால் போனது. “இனி இது வேணாம்” என்று உம்மா ஒரே சொல்லில் முடித்தார்.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

சைக்கிள் எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். ஓட்டுபவர் இடப்பக்கம் சாயத் தொடங்கினால், அவரை அறியாமலே ஹேண்டில் இடப்பக்கம் சற்றுத் திரும்புகிறது. சக்கரங்கள் சாய்ந்த பக்கத்துக்கு அடியில் வந்து அவரைத் தாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு கணமும் நாம் விழத் தொடங்குகிறோம், ஒவ்வொரு கணமும் முன்சக்கரம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. பழகும்போது வண்டி பாம்பு போல் நெளிவது இதனால்தான். பழகிய பின்னும் நெளிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை.

முன்சக்கரம் நம்மைப் பிடிக்க வேண்டுமானால் அது வீதியைப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடிப்புத்தான் உராய்வு. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும், ஆனாலும் முன்சக்கரத்தால் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க எதுவுமில்லை. ஒரு வினாடிக்குள் நிலத்தில் கிடப்போம். டொரண்டோவிலும் சரி, எங்கள் மதகடியிலும் சரி, இதுதான் நடக்கிறது.

பிடிப்பின் அளவை உராய்வுக் குணகம் என்று படித்திருக்கிறோம். இறப்பர் டயருக்கும் காய்ந்த தார் வீதிக்கும் இடையில் அது ஏறத்தாழ 0.7. நனைந்த தார் வீதியில் 0.4 அளவுக்கு இறங்கும். பனிக்கட்டியில் 0.1 தான். நான் கொப்பியில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் போகும் வண்டி, பிரேக் பிடித்த பின் நிற்பதற்குக் காய்ந்த வீதியில் இரண்டேகால் மீற்றர் வேண்டும், ஈர வீதியில் நான்கு மீற்றர், பனிக்கட்டியில் பதினாறு மீற்றர். பிரேக் குறைவின்றி வேலை செய்தால்தான் இந்தக் கணக்கு. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு வினாடி கழிந்தால், அதற்குள்ளேயே ஐந்தரை மீற்றர் போயிருப்போம்.

இறக்கத்தில் கணக்கு இன்னும் கடுமை. பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் பாதையில், புவியீர்ப்பு அந்தக் குணகத்திலிருந்து ஏறத்தாழ 0.1ஐ எடுத்துக்கொள்ளும். ஈர வீதியில் 0.4 என்பது 0.3 ஆகிறது, நிற்க ஐந்து மீற்றருக்கு மேல் வேண்டும். பனிக்கட்டியில் 0.1இலிருந்து 0.1 போனால் மிஞ்சுவது பூச்சியம். அந்த வண்டி நிற்கவே நிற்காது, எவ்வளவு நல்ல பிரேக் இருந்தாலும். விடையைப் பார்த்துவிட்டு நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். ஆகவே வழுக்கும் இறக்கத்தில் நிற்பதைப் பற்றி இறக்கத்தின் நடுவில் யோசித்துப் பயனில்லை. தொடக்கத்திலேயே மெதுவாகப் போக வேண்டும்.

பனிக்கட்டி ஏன் இப்படி வழுக்குகிறது? அதன் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் உள்ளே இருப்பவை போல் இறுகப் பிணைந்திருப்பதில்லை. பூச்சியம் பாகைக்குக் கீழேயும் மேலே மெல்லியதொரு படலம் திரவம் போலவே நடந்துகொள்கிறது. குளிர் கடுமையாகக் கூடினால் அந்தப் படலம் மெலிந்துவிடும். அதனால் பூச்சியத்தை அண்டிய பனிக்கட்டிதான் மிக மோசமானது என்கிறார்கள். எங்கள் பாசியும் ஏறக்குறைய அப்படித்தான். பாசிக் கலங்கள் தம்மைச் சுற்றிக் கூழ் போன்ற ஒன்றைச் சுரந்து, அதில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டயரின் இறப்பர் கொங்கிரீட்டின் சொரசொரப்பைத் தொடவே முடியாது, நடுவில் அந்தக் கூழ் நிற்கிறது. நாம் பாசியின் மேல் போகும்போது நம் டயர் வீதியில் ஓடவில்லை.

பாசி மட்டுமல்ல. நான் ஒரு மழை நாளில் குடையோடு நடந்தே பார்த்தேன். பாதசாரிக் கடவையின் பூச்சு, மதகின் இரும்புத் தகடு, வடிகான் மூடி, ஆண்டுத் தொடக்கத்தில் இறப்பர் மரங்கள் இலையுதிர்த்த பின் நனைந்து ஒட்டிக் கிடக்கும் இலைகள், மாணிக்க அகழிப் பக்கமிருந்து வரும் வாகனங்கள் சிந்திய களிமண், எல்லாமே வழுக்குகின்றன. சில நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் கால்மணி நேரம் பொல்லாதது. வீதியில் படிந்த எண்ணெயும் தூசும் நீரில் கலந்து மேலே மிதக்கும். கொட்டிப் பெய்து கழுவிய பின் வீதி சற்றே நல்லதாகிவிடும். என் மூத்தாப்பா, பாவா ஆதம் மலைப் பக்கம் கறுத்தால் புறப்படாதே, பெய்து ஓய்ந்த பின் போ என்பார். அவர் சைக்கிளுக்காகச் சொன்னதில்லை, ஆனாலும் சரியாகத்தான் இருக்கிறது.

அந்தக் கனேடியப் பெண்ணிடம் ராத்தா என் கேள்விகளையெல்லாம் கொண்டுபோய்க் கேட்டார். அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் வியப்பளித்தது, ஐஸ் மேல் போவதற்கென்றே டயர்கள் விற்கிறார்கள் என்பதுதான். டயரின் முகத்தில் நூற்றுக்கணக்கில் சின்னஞ்சிறு உலோக ஆணிகள். அவற்றின் முனை டங்ஸ்டன் காபைட் என்னும் மிகக் கடினமான பொருள். ஒவ்வோர் ஆணியும் பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கிறது. இரண்டு டயருக்கும் போட வசதியில்லையென்றால் முன் டயருக்குப் போடு என்பாராம். ஏன் முன் டயர் என்று இதை வாசிக்கும் உங்களுக்கு இப்போது தெரியும். புதிதாகப் பெய்த பஞ்சுப் பனிக்கு அவர் பயப்படுவதில்லை. பகலில் உருகி இரவில் திரும்ப உறைந்து, தாரின் நிறம் அப்படியே தெரியும்படி கண்ணாடியாகக் கிடக்கும் பனிக்கட்டிக்குத்தான் பயம். பாலங்களின் மேல் அது முதலில் உறையும், ஏனெனில் கீழேயும் குளிர்காற்று போகிறது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி பற்றிச் செய்தி வரும் காலைகளில் சைக்கிளில் போவோரும் இதைக் கவனிக்கலாம்.

பின்லாந்து நாட்டில் ஔலு என்றொரு நகரம் இருக்கிறது. வடதுருவ வட்டத்துக்கு அண்மையில் இருந்தும், குளிர்காலத்திலும் பிள்ளைகள் சைக்கிளில் பாடசாலை போவதற்குப் பெயர் பெற்றது. குளிர்கால சைக்கிளோட்டம் பற்றிய சர்வதேச மாநாடு 2013இல் முதன்முதலாகக் கூடியதும் அங்கேதான். அங்கு பிள்ளைகளின் திறமை மட்டும் காரணமல்ல. சைக்கிள் பாதைகளைத் தனியே அமைத்து, பனி பெய்தால் அவற்றைச் சீராக்குவதற்கு முன்னுரிமை கொடுக்கிறார்கள். இதை வாசித்தபோது, என் மதகடிப் பாசியை யார் சுரண்டுவது என்று யோசித்தேன். பிறகு தோட்டத்து அண்ணன்மாரும் எங்கள் பக்கத்து நானாமாரும் சேர்ந்து ஒரு சிரமதானத்தில் கம்பித் தூரிகையும் குளோரினும் கொண்டு அதைத் தேய்த்தார்கள். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது மறுபடி பச்சை.

இப்போது நம் வண்டிக்கு வருவோம். பழைய சைக்கிள்களின் சக்கர வளையம் முலாம் பூசிய உருக்கு. அது நனைந்தால் பிரேக் கட்டைக்கும் வளையத்துக்கும் இடையில் நீர் நின்றுவிடும், பிரேக் பல மடங்கு பலவீனமாகும். அலுமினிய வளையம் இதைவிட நல்லது. எதுவானாலும் மழையில் இறக்கத்துக்கு முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டபடி சில சுற்று ஓட்டினால் கட்டையே நீரைத் துடைத்துவிடும், அதன் பிறகே அது பிடிக்கும். எண்ணெய் பட்டிருந்தால் இந்த வைத்தியமும் பலிக்காது. எண்ணெய் செயினுக்குரியது, அதற்கும் தையல் மெஷின் எண்ணெய் போன்றதுதான் நல்லது, தேங்காயெண்ணெய் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். வளையத்தில் ஒரு துளி பட்டாலும் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு கழுவி, கட்டையின் முகத்தை மண் தாளால் உரசிவிட வேண்டும்.

பிரேக்கை எப்போது பிடிப்பது என்பதும் முக்கியம். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரு பணப்பை போல. திரும்புவதற்கும் அதிலிருந்தே செலவு, நிறுத்துவதற்கும் அதிலிருந்தே செலவு. திருப்பத்துக்குள் பிரேக் பிடிப்பவள் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிறாள். நான் செய்தது அதுதான். திருப்பத்துக்கு முன்னால், வண்டி நேராக நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்தில் பிரேக்கையும் பெடலையும் விட்டுவிட வேண்டும். பத்து மீற்றர் ஆரையுள்ள திருப்பத்தில் ஈரத் தாரில் மணிக்கு 22 கிலோமீற்றர் வரை தாங்கும், பனிக்கட்டியில் 11 தான். பாசியோ தகடோ தவிர்க்க முடியாமல் முன்னே வந்தால், ஹேண்டிலை ஆட்டாமல், பிரேக்கைத் தொடாமல், நேராக உருண்டு கடந்துவிட வேண்டும். வழுக்கும் இடத்தில் முன் பிரேக்கை விட பின் பிரேக்கை நம்புவது பாதுகாப்பு. என் வண்டியில் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கானது. உங்கள் வண்டியில் எது என்பதை ஏறுமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

டயரில் காற்றைக் கல்லுப் போல் அடிக்காமல் சற்றுக் குறைத்தால் வீதியைத் தொடும் பரப்புக் கூடும். மிகக் குறைத்தால் குழியில் விழும்போது டியூப் வெட்டுப்படும். இரண்டு பாதமும் நிலத்தைத் தொடும்படி ஆசனத்தை இறக்கிக்கொள்வது, பழகுபவருக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய தைரியம்.

ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவது நமது ஊரில் சாதாரணம். தயவுசெய்து வேண்டாம். ஒரு பிரேக் கையை விட்டுப் போகிறது, காற்றடித்தால் குடை ஹேண்டிலைத் திருப்புகிறது, முன்னால் வரும் பஸ்ஸும் மறைகிறது. மழைக்கோட்டு போதும், அதுவும் சக்கரத்தில் தொங்காத நீளத்தில். நம் சீருடையோடு ஓட்டுவதில் ஒரு தடையுமில்லை, தொங்குவதைக் கட்டினால் சரி. சல்வார் காற்சட்டையின் கீழ்நுனியை இறப்பர் வளையத்தால் கட்டி, செயின் கவர் உள்ள வண்டியாகப் பார்த்து, பர்தாவின் நுனிகளை உள்ளே செருகிவிட வேண்டும். தலைக்கவசத்தைப் பர்தாவின் மேலே அணியலாம், கழுத்தருகில் ஊசி குத்தாதீர்கள். வெள்ளைச் சீருடை மங்கலான காலையில் சாரதிகளின் கண்ணில் படும், அது நமக்கு வாய்த்த நன்மை. வெள்ளம் ஓடும் வீதியில் மாத்திரம் எந்த உபாயமும் இல்லை. அடியில் குழியா வடிகானா என்று தெரியாது. இறங்கித் திரும்பிவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தேங்காயெண்ணெய் சக்கர வளையத்தில் பட்டதால்தான் பிரேக் பிடிக்கவில்லை என்பதை நான் ஒரு புத்தகத்தில் வாசித்தே அறிந்தேன். வாசித்த பிறகும் உம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துபோவார் என்று நினைத்தேன். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது சொல்லாமல் எழுத மனம் வரவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சொன்னேன்.

உம்மா பீங்கானைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, “எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும். சக்கரத்தத் தொட்டுப் பார்த்தன், கையெல்லாம் எண்ணெ” என்றார்.

இவ்வளவு காலமும் அவர் சைக்கிளைத் தடுத்தது ஊருக்குப் பயந்தோ, பெண்பிள்ளை என்பதற்காகவோ அல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஏதும் பேசவில்லை. வாப்பா நாளிதழை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாப்பாவும் நானும் சைக்கிளை வெளியே எடுத்தோம். கட்டைகள் நான்கையும் மாற்றினோம். வளையத்தை உம்மாதான் கழுவினார். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவி, விரலால் வழித்துப் பார்த்து, போதாதென்று நான்காம் தரமும் கழுவினார். பிறகு தன் நிபந்தனைகளைச் சொன்னார். மழை கொட்டினால் பஸ். தூறலில் போகலாம். மதகடித் திருப்பத்தில் இறங்கித் தள்ள வேண்டும், அது காய்ந்திருந்தாலும் சரி.

அந்தக் கடைசி நிபந்தனை எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. தோட்டத்துப் பையன்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ராத்தாவிடம் முறையிட்டேன். அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுவிட்டுப் பதில் அனுப்பினார். ஆணி டயர் போட்டிருந்தும், இருபது வருடமாக ஓட்டியும், தனது வீதி முடிவிலுள்ள சரிவில் பனி உறைந்திருக்கும் நாட்களில் அவரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாராம்.

உம்மாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். “அவவுக்கு விளங்குது” என்றார்.